இரு சபைகளுக்கு ஒரு தொகுப்பாளர்

மண்டபத்தில் அமர்ந்திருப்போர் ஒரு சபை, தத்தம் இல்லங்களிலிருந்து ஜூம் வழியே பார்ப்போர் மற்றொரு சபை என்று இரண்டையும் ஒரே வேளையில் கட்டியாள வேண்டிய விழாக்களுக்கு, சங்கத்துக் காரியதரிசியையோ, குரல்வளம் வாய்த்த அவருடைய மாப்பிள்ளையையோ மைக்கின் முன் நிறுத்திவிட்டால் போதுமென்று எண்ணுவது வீண் சிக்கனம் என்பதே என் அபிப்பிராயம். குத்துவிளக்கேற்றும் வைபவம் மேடையில் சாவகாசமாக நடந்தேறுகையில், டொரொன்டோவில் அகாலத்தில் விழித்திருக்கும் அன்பர், விளக்கைச் சூழ்ந்து நிற்கும் பிரமுகர்களின் முதுகுகளையே தரிசித்துக்கொண்டிருப்பார். 2020 செப்டம்பர் 20 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டேபிள்ஸ் சென்டரில், ரசிகர் எவருமற்ற அரங்கிலிருந்து தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மெல் எம்மி விருது விழாவை நடத்தியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட நேரலை இணைப்புகளை ஒருங்கு சேர்த்தவர்கள் திரைக்குப் பின்னிருந்த நிபுணர்களே எனினும், எதிரே சிரிப்பொலியே எழாத சூன்யத்திலும் உற்சாகம் குன்றாமல் பேசும் அப்பியாசம் அவருக்குத் தொழில்வழி வந்தது. யூடியூப் நேரலையில் காட்சி பல விநாடிகள் பிந்தியே சென்றடையும் என்பதை அறிந்து, கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சபையைத் தொய்யவிடாமல் வைத்திருப்பதும், அரட்டைப் பெட்டியில் வந்த வினாவை அனுப்பியவரின் பெயர்சொல்லி வாசிப்பதும், இணைப்பு அறுந்த பேச்சாளரை மானம் காத்து மீட்பதும் பயிற்சியின்றிக் கைகூடா. தொழில்முறைத் தொகுப்பாளருக்குச் சன்மானம் அதிகமென்று முகம் சுளிப்போர், பொன்னாடைக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். அவற்றில் பாதி, போர்த்திக்கொண்டவர் வீட்டிலும் பயன்படுவதில்லை.