பட்டியலைப் படமாகக் கொடுப்பது ஏன்?

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து தாம்பரம் தொகுதி (எண் 31) வாக்காளர் பட்டியலில் ஏதாவது ஒரு பாகத்தை இறக்கிப் பாருங்கள். பக்கத்துக்கு 30 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண். கண்ணுக்கு எல்லாம் நன்றாகவே தெரியும். ஆனால் சேலையூரில் ஒரு தெருவில் உள்ள ஒருவர் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டினால் ஒன்றும் வராது. கோப்பில் இருப்பது எழுத்தின் படம்தான். கணினியில் தட்டச்சாகி, கணினியிலேயே சேமிக்கப்பட்ட பட்டியலை மக்கள் கைக்கு வரும்போது மட்டும் கணினி படிக்க முடியாதபடி மாற்றித் தருகிறார்கள். 2018 ஜனவரியிலிருந்து இதுதான் ஆணையத்தின் ஏற்பாடு.

எந்நேரமும் கணினியை நோண்டிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இப்படி ஒரு கோப்பு கிடைத்தால் கை சும்மா இருக்காது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க டெசராக்ட் இருக்கிறது. ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தில் 1980களில் பிறந்து, 2005இல் திறமூலமாக வெளிவந்த மென்பொருள், தமிழும் படிக்கும். பக்கத்தை 30 துண்டாக வெட்டி ஒவ்வொன்றாக ஊட்ட வேண்டும். துணைக்காலை ‘ர’ என்று படித்துவிடும். ‘ன’வும் ‘ண’வும் இடம் மாறும். அட்டை எண்ணில் சுழியத்தை ஆங்கில ‘ஓ’வாக எடுத்துக்கொள்ளும். அங்கே பிரச்சினையில்லை: முதல் 3 இடம் எழுத்து, அடுத்த 7 இடம் இலக்கம் என்று ஒரு சிறு நிரல் எழுதினால் திருத்திவிடலாம். பெயர்களுக்கு அப்படி விதி கிடையாது. நீக்கப்பட்டவரின் கட்டத்தில் குறுக்கே ஒரு முத்திரை வேறு விழுந்திருக்கும். யாருடைய பெயரை முக்கியமாகத் தேடுகிறோமோ அதுதான் அதிகமாகச் சிதைகிறது.

இந்த உழைப்பை நம் தலையில் வைத்தது உச்ச நீதிமன்றம். மத்தியப் பிரதேசப் பட்டியலைத் தேடக்கூடிய எழுத்து வடிவில் தர வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான கமல்நாத் தொடுத்த வழக்கில், 2018 அக்டோபர் 12 அன்று நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு மறுத்துவிட்டது. வேண்டுமென்றால் மனுதாரரே முயன்று மாற்றிக்கொள்ளலாம் என்பது தீர்ப்பின் சாரம். அதாவது, மாற்றுவதில் சட்டப்படி தவறு ஒன்றும் இல்லை. மாற்றும் வேலைதான் நம்முடையது.

அப்போது இது கட்சி வழக்கறிஞர்களின் விவகாரமாக இருந்தது. 2025இல் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில், தமிழ்நாட்டின் 6.41 கோடி வாக்காளர்கள் 5.43 கோடியாகக் குறைந்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் சுமார் 7 லட்சம் பெயர்கள் போயின. தென்சென்னைப் புறநகரை அறிந்தவர்களுக்கு இது பெரிய அதிசயமில்லை. இங்கே குடியிருப்பவர்களில் பலர் வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் செம்பாக்கத்திலிருந்து மாடம்பாக்கத்துக்கோ ராஜகீழ்ப்பாக்கத்துக்கோ பெட்டி கட்டுகிறவர்கள். அவர்களைப் போய் 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தங்கள் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடச் சொன்னார்கள். 2008 மறுவரையறைக்கு முன்பு பல்லாவரம், சோழிங்கநல்லூர் என்ற தொகுதிகளே கிடையாது. எந்தத் தொகுதி, எந்தப் பாகம் என்று கண்டுபிடிப்பதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும்.

கோப்பை எழுத்தாக மாற்றிய பிறகுதான் இன்னொன்று தெரியும்: இந்தத் தரவை வைத்து அவசரப்பட்டு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. முருகன் மகன் செல்வம் ஒரே தொகுதியில் எத்தனையோ பேர் இருப்பார்கள். எங்கள் பக்கத்து லேஅவுட்டுகளில் மனை எண், பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று ஒரு வீட்டுக்கு மூன்று எண்கள். அடுக்குமாடி முழுவதும் ஒரே எண்ணில் பதிவாகியிருக்கும். ஒரே கதவிலக்கத்தில் நாற்பது பேர் என்றதும் போலி என்று கத்தினால் அசடுதான் வழிய வேண்டும். கர்நாடகத்தின் மகாதேவபுராவில் 1,00,250 போலி வாக்குகள் என்று 2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி குற்றஞ்சாட்டினார், ஆணையம் மறுத்தது. தாள்தாளாகப் பார்க்க ஆறு மாதம் ஆனதாக அவர் சொன்னார். எழுத்து வடிவில் கோப்பு இருந்திருந்தால் அந்தக் குற்றச்சாட்டைச் சரிபார்க்கவும், தவறென்றால் உடைக்கவும் மூன்றாவது ஆளால் சில நாட்களில் முடிந்திருக்கும். ஆணையத்துக்கும் அது நல்லதுதானே?

அந்தரங்கம் என்பது ஆணையத்தின் பதில். அதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். பெயரை வைத்து மதத்தை ஊகித்துத் தெருத்தெருவாகப் பிரிக்கும் கெட்ட எண்ணம் உள்ளவர்களுக்கும் கணினி அதே வேகத்தில்தான் உழைக்கும். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குப் பட்டியல் இலவசமாகவே போகிறது. அதை எழுத்தாக்கும் செலவு, ஒரு பெரிய கட்சியின் பொதுக்கூட்டப் பந்தல் செலவுக்குக்கூட வராது. படக்கோப்பு தடுப்பது பணமில்லாதவர்களைத்தான்: கல்லூரி மாணவர், குடியிருப்போர் நலச் சங்கம், மாவட்ட நிருபர். வயதையும் வீட்டு எண்ணையும் மறைத்துவிட்டு, பெயர், பாக எண், சேர்த்ததா நீக்கியதா, என்ன காரணம் என்பவற்றை மட்டும் எழுத்தாகத் தரலாமே? இதே தீவிரத் திருத்தம் குறித்த பீகார் வழக்கில், நீக்கப்பட்ட சுமார் 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு, அட்டை எண்ணைக் கொண்டு தேடும்படி வெளியிடச் சொல்லி 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது.

வாக்குப்பதிவு இயந்திரத்தைத் திறந்து காட்டாததற்காவது ஒரு வாதம் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தை மேற்பார்வையிட்டவர். அந்த வகையில் அது எங்கள் வட்டாரத்துப் பிள்ளை. 2010இல் ஹைதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத் ஓர் இயந்திரத்தைப் பிரித்து அதன் ஓட்டைகளைக் காட்டினார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கைது செய்தார்கள். கைபட்ட இயந்திரத்தை அதன் பிறகு நம்ப முடியாது என்பது ஆணையத்தின் நியாயம். பட்டியலுக்கு அந்த நியாயம் ஒட்டாது. நகலை எத்தனை பேர் நோண்டினாலும் மூலத்தில் ஒரு கீறல் விழாது.

டெல்லி மனம் மாறும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில் முதல் தேர்தல் நடந்தது. மன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு அது கட்டுப்பட்டதல்ல. சட்டமன்றப் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்துத்தான் வார்டுப் பட்டியல் தயாராகும். ஒரு தெரு பக்கத்து வார்டுக்குத் தாவிவிடும் பிழை நேர்வதும் அங்கேதான். தீவிரத் திருத்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போன திமுகவும், ஆதரித்துப் போன அதிமுகவும் இதை ஒரு குரலில் கேட்கலாம்: வார்டுக்கு ஒரு எழுத்துக் கோப்பு, சேர்ப்பும் நீக்கமும் தனித்தனியாக. கமல்நாத் தீர்ப்பு அந்த வடிவத்தைத் தடை செய்யவில்லை. கேட்பது மனுதாரரின் உரிமையல்ல என்று மட்டுமே சொன்னது. புது மென்பொருள்கூட வாங்க வேண்டாம். எழுத்தைப் படமாக மாற்றும் அந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டால் போதும்.