பெட்டியைக் கொடுத்துப் பூக்களைப் பறிக்கும் அரசு

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில், ஓசூர் எல்லையைத் தொட்டுக் கிடக்கிறது ஆனேக்கல் வட்டம். ஒருபுறம் பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே தொழிற்பேட்டைகள். மறுபுறம் பன்னேர்கட்டா காடு. நடுவே ராகியும் அவரையும் விளைவிக்கும் சிறு விவசாயிகள், கூலிக்குச் செல்லும் நிலமற்ற குடும்பங்கள். இத்தகையோருக்கு உகந்த உபதொழில் என அரசுகள் பரிந்துரைப்பது தேனீ வளர்ப்பு. 2020-ல் ஒன்றிய அரசு தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்திற்கு 500 கோடி ரூபாய் அறிவித்து, அதற்கு ‘இனிப்புப் புரட்சி’ என்றும் பெயர் சூட்டிக்கொண்டது.

நிலமில்லாதவரும் செய்யத்தக்க தொழில் என்பது பாதி உண்மையே. பெட்டி வைக்க ஒரு முழ இடம் போதும். ஆனால் அதிலுள்ள இந்தியத் தேனீக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் புங்கமும் புளியும் நாவலும் வேம்பும் மாறிமாறிப் பூக்க வேண்டும். அவை நிற்பது ஏரிக்கரையிலும் கோமாள மேய்ச்சல் நிலத்திலும் காட்டோரத்திலும். அந்தப் பொது நிலமே இன்று பறிபோகிறது. பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலம் 2016 வரைவில் 268.96 சதுர கிலோமீட்டர். 2020 இறுதி அறிவிக்கையில் அது 168.84 ஆகச் சுருங்கியது. விடுபட்ட நூறு சதுர கிலோமீட்டரால் ஆதாயம் அடைவோர் கல்குவாரி முதலாளிகளும் மனை வணிகர்களுமே அன்றி வேறு யார்?

காடு தேனீக்கு உணவு மட்டும் தருவதில்லை. 1991-92-ல் ‘தாய் சாக்புரூட்’ என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் பரவி, பெட்டிகளில் வளர்ந்த இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தது. மார்த்தாண்டத்திலும் குடகிலும் கூட்டுறவுச் சங்கங்களை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே பருவத்தில் வருமானம் இழந்தனர். பின்னர் தொழில் மெல்லத் தலைதூக்கியது, நோயைத் தாங்கி எஞ்சிய குடும்பங்களைக் கொண்டே. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் வாழும் கூடுகள்தாம் இத்தொழிலின் விதை நெல். (மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சியே, குறியீடு மட்டும் கூட்டை நிரப்பாது.)

சந்தை நிலைமை இன்னும் கொடுமை. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 வணிகப் பெயர்களின் தேனை என்.எம்.ஆர். சோதனைக்கு அனுப்பிப் பெற்ற முடிவை வெளியிட்டது, தேறியவை மூன்றே. நமது நாட்டுச் சோதனைகளில் பிடிபடாதவாறு தயாரிக்கப்பட்ட சர்க்கரைப் பாகு கலந்திருந்தது. பாகை விற்போர் நிர்ணயிக்கும் விலைக்கு, ஆண்டுக்குச் சில கிலோ மட்டும் எடுக்கும் ஆனேக்கல் உழைப்பாளி எவ்வாறு ஈடு கொடுப்பார்? இதோடு, ஐரோப்பிய ஒன்றியம் 2018-லேயே திறந்தவெளிப் பயன்பாட்டுக்குத் தடை செய்த இமிடாகுளோபிரிட் இங்கே உரக்கடைகளில் தாராளமாக விற்பனையாகிறது.

ஆக, தேனீயின் கேள்வி நிலத்தின் கேள்வியே. தேவனஹள்ளியில் 1,777 ஏக்கரைக் கையகப்படுத்தும் முடிவை 2025 ஜூலையில் கர்நாடக அரசு கைவிட்டது. மூன்றாண்டுகளுக்கு மேல் விவசாயிகள் விடாது போராடியதால் கிட்டிய வெற்றி அது. சர்ஜாபுர ஹோப்ளியிலும் நில எடுப்புக்கு எதிராகக் குரல் எழுந்துள்ளது. அங்கு பட்டாதாரரின் இழப்பீடு பற்றி மட்டும் பேசினால் கோமாளத்தை நம்பி வாழ்பவர் கணக்கில் வராமல் போவார். ஆட்டுக்காரரும் தேன் எடுப்பவரும் அக்கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். கோமாள நிலங்களை வேறு பயனுக்கு மாற்றுவதை நிறுத்துதல், 2016 வரைவின் எல்லையை மீட்டல், கூட்டுறவுக் கொள்முதலுக்கு ஆதார விலை, மாவட்டந்தோறும் பொதுத்துறைத் தேன் சோதனைக்கூடம் ஆகியவற்றை விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இணைந்தே வட்டாட்சியர் அலுவலகத்தின் முன் வைக்க வேண்டும்.