கண்ணுக்குத் தெரியாத விலங்கு

உழைப்பைப் போற்றும் பொருநைக் கரையில் "சோம்பேறி" என்பதினும் கொடிய வசை வேறில்லை. மனச்சிதைவு நோயுற்ற இளைஞர் பலர் அவ்வசையை நாள்தோறும் சுமக்கின்றனர். அழைத்தால் எழ நெடுநேரம் ஆகும். எடுத்த கவளம் வாயை எட்டுமுன் கை நின்றுவிடும். சிலருக்கு வாயும் நாவும் தாமே அசைந்துகொண்டிருக்கும். "மாத்திரைதான் இவனை மரமாக்கிற்று" என்று மருந்தை நிறுத்திவிடும் பெற்றோரும் உளர்.

வசையும் தவறு, தாமாக மருந்தை நிறுத்துவதும் தவறு. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனத்தாரும் ஸ்காட்லாந்து மருத்துவர் மக்கிரீடியும் முதியோரிடையே நிகழ்த்திய ஆய்வு 1996-இல் வெளிவந்தது. தன்னையறியா அசைவுகள் நோயற்றோரில் நூற்றுக்கு 15 பேரிடமும், மருந்தே உண்ணாத மனச்சிதைவு நோயாளரில் 38 பேரிடமும், மருந்துண்டோரில் 41 பேரிடமும் காணப்பட்டன. மருந்துக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் மனத்தைத் தாக்கும் நோயே உடலின் இயக்கத்தையும் தாக்குகின்றது என்பது தெளிவு.

இதற்கொரு புதுவழி அரும்பியுள்ளது. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பார்க்கர் என்னும் அறிஞர், தலைக்கு வெளியே வைத்த கம்பிச்சுருளின் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் காட்டினார். கத்தியில்லை, மயக்கமருந்தில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள், அசைவைத் திட்டமிடும் மூளைப்பகுதியில் இதனைச் செலுத்தி, நோயாளரின் மந்தம் குறையுமா என ஆராய்ந்து நம்பிக்கை தரும் பயன் கண்டுள்ளனர். எனினும் இஃது இன்னும் ஆய்வு நிலையினதே, மருந்துக்கு மாற்றன்று, வலிப்பு நோயுடையோர்க்கும் தலைக்குள் உலோகம் பொருத்தப்பட்டோர்க்கும் மிகுந்த எச்சரிக்கை தேவை.

கருவி வரட்டும், அதற்கு முன்னர் நம் கண் திறக்கட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாது மனநோயாளர் 28 பேர் மாண்டதை நாம் மறத்தலாகாது. நோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் நோய் பூட்டிய விலங்கைச் சட்டம் அகற்றாது. சோம்பல் என்னும் வசையோ அதனை மேலும் இறுக்கும்.

ஆதலின் பெற்றோரே, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கால், பிள்ளையின் பேச்சையும் உறக்கத்தையும் மட்டுமன்றி, நடையையும் கையசைவையும் மருத்துவரிடம் கூறுங்கள். மருத்துவர்களும் அவற்றைச் சோதித்தறிதல் வேண்டும். புதிய சிகிச்சை உறுதிப்படும் நாளில், அம்பாசமுத்திரத்து ஏழைக்கும் ஸ்ரீவைகுண்டத்து உழவனுக்கும் அஃது அரசு மருத்துவமனையிலேயே கிட்டுமாறு குரல் கொடுப்பது, கற்ற நம் அனைவரின் கடமையாகும்.