தழை, மணி, சாம்பல்

மொட்டை மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஸார், மல்லிகைச் செடி நெஞ்சு உயரம் வந்தாச்சு. இலையெல்லாம் கரும்பச்சையா பளபளங்குது. பூதான் வரமாட்டேங்குது. என்ன மருந்து போடலாம்?"

"முதலில் யூரியாவை நிறுத்துங்க" என்பேன். முகம் வாடிவிடும். (பூப்படம் போட்ட விலை உயர்ந்த பாட்டில் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்.)

உரப் பையில் மூன்று எண்கள் இருக்கும். டி.ஏ.பி. என்றால் 18:46:0. தண்ணீரில் கரையும் உரம் 19:19:19. கிரிக்கெட் ஸ்கோர் இல்லை. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். தமிழில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. தழைச்சத்து தழைக்க வைக்கும் என்று பெயரே சொல்கிறது. பூக்க வைக்கும் என்று யாரும் சொல்லவில்லை! யூரியாவில் அது மட்டும்தான், 46 சதவிகிதம். அளவு மீறினால் செடி இலையும் தண்டுமாகத் தள்ளிக்கொண்டு, பூவைத் தள்ளிப்போடும்.

பின்னிரண்டு எண்களில் ஒரு சம்பள ரகசியம் உண்டு. இரண்டையும் ஆக்ஸைடாகக் கணக்கிட்டுத்தான் போடுவார்கள். டி.ஏ.பி.யின் 46-ல் ஆக்ஸிஜன் பிடித்தம் போக, பாஸ்பரஸ் சுமார் 20-தான். மாதக் கடைசியில் ஸாலரி ஸ்லிப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, எப்போது எது? இளஞ்செடிக்குத் தழைச்சத்து வேண்டும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, நன்றாக நீர்க்க விட்டால் போதும். மணிச்சத்து வேருக்கும் பூவுக்கும் தேவை. ஆனால் மண்ணில் அவ்வளவாக நகராது. போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கும் அரசாங்க ஃபைல் மாதிரி. ஆகவே தொட்டி நிரப்பும்போதே எலும்புத்தூளைக் கலந்துவிடுங்கள். மொட்டு கட்டும் சமயம் சாம்பல்சத்தின் முறை. 13:0:45 கிடைக்கும். லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் கரைத்து, மாலையில் இலைமேல் தெளிக்கலாம்.

எங்கள் மாடி வீட்டு இளைஞரின் அம்மா ஊரிலிருந்து ஒரு பதியன் கொடுத்தனுப்பியிருந்தார். பையன் அம்மா வருவதற்குள் பூவைக் காட்டிவிடும் ஆசையில், பாட்டிலில் போட்டிருந்ததைப் போல இரண்டு மடங்கு ஊற்றினார். நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்துவிட்டது. உப்பு மிகுந்தால் வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. ஈர மண்ணிலேயே செடி தாகத்தில் சாகும். நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, அடித் துளை வழியே உப்பை வெளியேற்றினோம். பிழைத்தது.

குண்டுமல்லிச் செடி ஒன்றுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு: தழை 60 கிராம், மணி 120, சாம்பல் 120. ஒரேயடியாக அல்ல, நவம்பர் கடைசியில் கவாத்து செய்ததும் பாதி, ஜூன்-ஜூலையில் பாதி. நிலத்துச் செடிக்கான கணக்கு இது. தொட்டிக்கு இதில் சிறு பங்குதான் தாங்கும். கவாத்தை மறக்காதீர்கள். மல்லிகை புதுத் தளிரில்தான் பூக்கும். கத்தரிக்கோல் செய்கிற வேலையை எந்த உரமும் செய்யாது.

இத்தனையும் செய்து, அரை நாள் வெயில்கூட விழாத பால்கனியில் வைத்தால் பூக்காது. வெயிலை பாட்டிலில் அடைத்து விற்க இன்னும் யாரும் ஆரம்பிக்கவில்லை. அதுவரை தொட்டியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.