வீட்டுக் கணினிக்கு எந்தக் காவல்?



ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை என்றால் ஒழுக்கம், உழைப்பு, தாய்மொழிப் பற்று ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றித்தான் இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. கடந்த ஆண்டுகளில் நானும் அவ்வாறே எழுதி வந்துள்ளேன். இம்முறை வீட்டுக் கணினிக்குக் காவலாக வைக்கும் மென்பொருளைப் பற்றி எழுத முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு.

சில மாதங்களுக்கு முன்னர், செம்பனைக் குலை வெட்டும் தந்தை ஒருவர், வேலை முடிந்த கையோடு மடிக்கணினி ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "ஐயா, இதற்குள் கிருமி புகுந்துவிட்டது. கெட்டுப் போகக் கூடாதே என்று இரண்டு மாதமாக அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்" என்றார். திறந்து பார்த்தேன். கிருமி ஏதும் இல்லை. வாங்கும்போதே அதில் ஏற்றப்பட்டிருந்த பாதுகாப்பு மென்பொருளின் முப்பது நாள் இலவசக் காலம் முடிந்திருந்தது, அவ்வளவுதான். "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது" என்று சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில், அது நாள்தோறும் மிரட்டிக்கொண்டிருந்தது. கடையில் விசாரித்தபோது ஓராண்டுக்கு 150 ரிங்கிட் ஆகும் என்றிருக்கிறார்கள். பணம் சேரும் வரை பூட்டி வைப்பதே நல்லது என்று அவர் முடிவு செய்துவிட்டார். அவருடைய மகள் ஆறாம் ஆண்டில் படிக்கிறாள். அந்த இரண்டு மாதமும் தன் செயல்திட்ட வேலைகளைத் தந்தையின் திறன்பேசியில் ஒற்றை விரலால் தட்டித் தட்டியே செய்து வந்திருக்கிறாள். ஆசிரியர்களாகிய எங்களிடம் அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நம் தோட்டத்து வீடுகளுக்குக் கணினி வந்த கதை உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் இயங்கலைக் கல்விக்காகப் பெற்றோர் பலர் நகையை அடகு வைத்தும் கூட்டு கட்டியும் பழைய மடிக்கணினிகளை வாங்கினர். கணினி வந்துவிட்டது. அதை எப்படிக் காப்பது என்று சொல்லிக் கொடுக்க எவரும் வரவில்லை. விற்பவர்கள் மட்டுமே வந்தனர்.

ஆதலின் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் பாடத்துக்கும், குடும்பப் படங்களுக்கும், ஓய்வு நேரக் காணொளிகளுக்கும் பயன்படும் வீட்டுக் கணினிக்குப் பணம் கொடுத்துக் காவல் மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 8 வெளிவந்த 2012ஆம் ஆண்டு முதல், மைக்ரோசாப்ட் நிறுவனம் நச்சுநிரல்களைத் தடுக்கும் காவலையும் விண்டோஸுக்குள்ளேயே வைத்துத் தருகிறது. டிஃபெண்டர் என்பது அதன் பெயர். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது; காலாவதியும் கிடையாது. வேறு காவல் மென்பொருளை ஏற்றினால் அது ஒதுங்கிக்கொள்ளும். அதனை நீக்கினால் மீண்டும் பொறுப்பேற்றுக்கொள்ளும். அந்தத் தந்தையின் கணினியில் நான் செய்ததெல்லாம் காலாவதியான மென்பொருளை நீக்கியது மட்டுமே. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"இலவசமாகக் கிடைப்பது எப்படி ஐயா நன்றாக இருக்கும்?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. தொடக்க காலத்தில் டிஃபெண்டரின் திறமை குறைவு என்றே பேசப்பட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இத்தகைய மென்பொருள்களைச் சோதித்துப் புள்ளி வழங்குவதற்கென்றே நிலையங்கள் உள்ளன. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் அவற்றுள் ஒன்று. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் மற்றொன்று. மாக்டபர்க் நிலையம் பாதுகாப்புக்கு 6, கணினியின் வேகத்தைக் கெடுக்காமைக்கு 6, பொய் எச்சரிக்கை எழுப்பாமைக்கு 6 என 18 புள்ளிகள் வைத்துச் சோதிக்கிறது. அண்மைய ஆண்டுகளில் டிஃபெண்டர் அங்கே முழுப் புள்ளிகளையோ அதனை ஒட்டிய புள்ளிகளையோ தொடர்ந்து பெற்று வருகிறது. விலை கொடுத்து வாங்கும் பெயர்பெற்ற மென்பொருள்களும் ஏறத்தாழ அதே புள்ளிகளையே பெறுகின்றன. இணைய வாணிபம் செய்பவர், கடைக் கணக்கு முழுவதையும் கணினியில் வைத்திருப்பவர் ஆகியோர் கூடுதல் வசதிகளுக்காகப் பணம் செலுத்துவதில் பொருளுண்டு. நமக்கு இல்லை.

பிற நிறுவனங்கள் இலவசமாக வழங்கும் காவல் மென்பொருள்களை ஏற்றலாமா என்றும் கேட்கலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவாஸ்ட் என்பது உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இலவசமாகப் பயன்படுத்திய காவல் மென்பொருள். அதனை நம்பியவர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்னும் விவரங்களைத் திரட்டித் தன் துணை நிறுவனத்தின் வழி அந்நிறுவனம் விற்றது என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1 கோடியே 65 இலட்சம் டாலர் செலுத்துமாறும் கூறியது. வாசலில் நிறுத்திய ஜாகா, வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதை ஊராரிடம் விற்றால் அவரை நாம் வைத்துக்கொள்வோமா? ஒரு வாசலில் இரண்டு ஜாகாக்களை நிறுத்துவதும் கூடாது. இரண்டு காவல் மென்பொருள்கள் ஒரே கணினியில் ஒன்றையொன்று பகையாகக் கருதி மல்லுக்கு நிற்கும். கணினிதான் நத்தையாக ஊரும்.

இவ்வளவு அறிந்தவர் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். இவற்றை நான் கற்றுக்கொண்டது ஒரு பெரும் பிழையைச் செய்த பின்னரே. பலர் அறிந்திராத செய்தி அது.

நம் பள்ளியின் பழைய புகைப்படத் தொகுப்பைச் சிலர் பார்த்திருப்பீர்கள். கறையான் அரித்தது போக எஞ்சியிருந்த படங்களை, 2021ஆம் ஆண்டில் ஓய்வு நேரங்களில் ஒவ்வொன்றாக வருடி என் வீட்டுக் கணினியில் சேர்த்து வைத்தேன். அத்தாப்புக் கூரைக் கட்டடம், பிரட்டுக் களத்தில் நடந்த விளையாட்டுப் போட்டி, காலில் செருப்பில்லாமல் வரிசையாக நிற்கும் மாணவர்கள் என நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். அவ்வளவு அரிய பொருளுக்கு நல்ல காவல் வேண்டும் என்று தோன்றிற்று. விலையுயர்ந்த ஒரு காவல் மென்பொருளை, பணம் செலுத்தாமலே பயன்படுத்தும் வண்ணம் பூட்டுடைத்த நகலாக, ஓர் இணையப் பக்கத்திலிருந்து இறக்கினேன். ஆம், திருட்டு நகல்தான். பிறர் பொருளைத் தொடாதே என்று நன்னெறிக் கல்வி பாடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவன் நான்.

அந்த நகலோடு வந்த குறிப்பு, முதலில் விண்டோஸின் காவலை நிறுத்துமாறு கூறியது. நிறுத்தினேன். கன்னமிட வந்தவன், நாயைக் கட்டிப் போடுங்கள் என்று வீட்டுக்காரனிடமே சொல்கிறான். வீட்டுக்காரனும் கட்டிப் போடுகிறான்! மறுநாள் காலையில் எந்தப் படமும் திறக்கவில்லை. கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் பொருளற்ற எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு கோப்புறையிலும் ஓர் ஆங்கிலக் கடிதம் கிடந்தது. குறித்த நாளுக்குள் டாலரில் பணம் செலுத்தினால் திறவுகோல் தருவார்களாம். நான் பணம் செலுத்தவில்லை; செலுத்தியிருந்தாலும் திறவுகோல் வந்திருக்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. முன்னாள் மாணவர்கள் சிலருக்குப் புலனத்தில் நான் அனுப்பியிருந்தவை மட்டும் அவர்களுடைய திறன்பேசிகளிலிருந்து திரும்பி வந்தன. அவை அறுபத்து மூன்று. மற்றவை போனவை போனவைதாம். அப்படங்களில் இருந்தவர்களின் குடும்பங்கள் பல இன்று தோட்டத்தில் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது ஊர் ஊராகச் சிதறிவிட்டன. தம் பாட்டியின் பள்ளிப் பருவப் படத்தைக் கேட்டு இன்னமும் சிலர் தொலைபேசியில் அழைக்கிறார்கள். என்ன மறுமொழி சொல்வேன்?

ஆகவேதான், காவல் மென்பொருளுக்கென்று எடுத்து வைத்த பணம் இருந்தால் அதைக் கொண்டு ஒரு புற வன்தட்டோ, நல்ல விரலியோ வாங்குங்கள் என்கிறேன். மாதம் ஒருமுறை படங்களையும் பிள்ளைகளின் வேலைகளையும் அதில் நகலெடுங்கள். முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றுவது முக்கியம், கணினியில் செருகியே கிடந்தால், கோப்புகளைப் பூட்டும் நச்சுநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். என் கணினியில் அன்று ஒரு விரலி செருகியிருந்தது. அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, இற்றைப்படுத்துதல். கணினியை மூடும் வேளையில் விண்டோஸ் அதற்காக நேரம் கேட்டால் எரிச்சல் கொள்ளாதீர்கள். 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் வான்னாகிரை என்னும் நச்சுநிரல் பரவி, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகளைக்கூட ஒத்திவைக்க நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் திருத்தம் ஏற்றப்படாத கணினிகள்தாம் பெரும்பாலும் அகப்பட்டுக்கொண்டன.

இங்கேதான் நம் வீடுகளுக்கு உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. நாம் வாங்கிய பழைய மடிக்கணினிகளுள் பல விண்டோஸ் 10இல் இயங்குபவை. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, திருத்தங்கள் வரும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. டிஃபெண்டருக்கான புதிய நச்சுநிரல் பட்டியல் 2028 அக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும் என்றும் கூறினர். எனினும் ஜாகாவின் கையில் திருடர்களின் படம் இருந்து பயனென்ன, சுவரில் விழும் ஓட்டையை எவரும் பூசவில்லை என்றால்? விண்டோஸ் 11க்கு மாறக்கூடிய கணினியை மாற்றிவிடுங்கள். மாற்ற இயலாத பழைய கணினிகளில் கட்டணமில்லாத லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றலாம். பள்ளியில் ஒரு கணினியில் ஏற்றிப் பார்த்தோம், கட்டுரை எழுதவும் காணொளி பார்க்கவும் அது தாராளமாகப் போதுகிறது. விற்பனையாளர் எவரேனும், இந்தக் காவல் மென்பொருளை வாங்கினால் பழைய விண்டோஸே போதும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். ரோபிளாக்ஸ் விளையாட்டுக்கு ரோபக்ஸ் இலவசமாகத் தருவதாகச் சொல்லும் பக்கங்கள் அனைத்தும் பொய். காவலை நிறுத்தச் சொல்லும் எந்தக் கோப்பையும் தொடாதீர்கள். உங்கள் தலைமையாசிரியர் தொட்டுப் பட்டது போதும். பெற்றோர்களே, கணினியில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு ஒன்று திறந்து கொடுங்கள். புதிய மென்பொருள் ஏற்றும் உரிமையுள்ள கணக்கின் கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும்.

திரை முழுவதும் சிவந்து, ஒலி எழுப்பி, இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள் என்று ஒரு பக்கம் தோன்றினால் அது காவல் அன்று, தூண்டில். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருப்பதில்லை. இணைய உலாவியை மூடுங்கள். மூட முடியாவிட்டால் கணினியையே நிறுத்துங்கள். ஏமாந்து வங்கி விவரத்தைக் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு காலம் தாழ்த்தாமல் உடனே வங்கியையோ 997 என்னும் எண்ணையோ அழையுங்கள். 2022ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் அதற்கென்றே அந்த எண்ணை வைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் வீட்டில் தனியே செய்யத் தயங்குவோர் பலர் இருப்பீர்கள். அடுத்த பள்ளித் தவணை தொடங்கியதும் சனிக்கிழமைகளில் காலை 8 மணி முதல் நண்பகல் வரை கணினி அறை திறந்திருக்கும். நானும் ஆசிரியர் இருவரும் இருப்போம். மடிக்கணினியோடு அதன் மின்னூட்டியையும் கொண்டு வாருங்கள். முன்பு சொன்ன அந்த மாணவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்; தன் தந்தையின் கணினியில் காவலைச் சரிபார்க்க இப்போது அவளுக்கே தெரியும். பழைய பள்ளிப் படங்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் எடுத்து வாருங்கள். இம்முறை மூன்று இடங்களில் நகலெடுத்து வைக்கிறேன்.