கேள்வி எழுந்தது

நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் மழுப்புகிறார்கள் என்பதே அறியாமையால் எழும் குற்றச்சாட்டு என்று சென்ற இதழில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார். பதிவேட்டில் இல்லாததை அமைச்சர் எப்படிச் சொல்வார், மாநிலங்கள் அனுப்பாத தகவலுக்கு டெல்லி எப்படிப் பொறுப்பாகும், 'தகவல் இல்லை' என்பதுதானே நேர்மையான பதில் என்று கேட்கிறார். கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த வாதத்தில் ஒரு கால்கூடத் தரையில் நிற்கவில்லை.

அவர் தொட்டுவிட்டுப் போன உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2020 மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் கொரோனா ஊரடங்கால் நாடு பூட்டப்பட்டது. வேலையும் கூலியும் போன தொழிலாளர்கள் ஊர் நோக்கி நடந்தார்கள். மே 8 அதிகாலையில் அவுரங்காபாத் அருகே, மத்தியப் பிரதேசத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் களைத்துப்போய்த் தண்டவாளத்திலேயே தூங்கிவிட, சரக்கு ரயில் ஏறி 16 பேர் இறந்தார்கள். சிதறிக் கிடந்த சப்பாத்திகளின் படத்தை நாடே பார்த்தது. செப்டம்பர் 14 அன்று மக்களவையில், ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர்களைப் பற்றியும் அவர்கள் குடும்பங்களுக்கான இழப்பீட்டைப் பற்றியும் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதிக் கொடுத்தது.

இதைத்தான் அவர் நேர்மை என்கிறார். அதே கூட்டத்தொடரில் அதே அமைச்சகம், ஊர் திரும்பிய தொழிலாளர்கள் 1 கோடிக்கு மேல் என்று மாநிலவாரியாகக் கணக்குக் கொடுத்தது. உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களை மாநிலங்களிடம் கேட்டு எண்ண முடிந்த கைக்கு, வழியில் செத்தவர்களை எண்ணத் தெரியாமல் போனதா? அதே வாரம் ரயில்வே அமைச்சர் மாநிலங்களவையில், ஊர் திரும்பும் தொழிலாளர்களுக்காக விடப்பட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் 97 பேர் இறந்தார்கள் என்று எண்ணிக்கையோடு பதில் சொன்னார். அந்தத் தகவல் வந்தது மாநிலக் காவல்துறைகளிடமிருந்து. மாநிலங்கள் தரவில்லை என்ற சமாதானம் அங்கேயே செத்துவிட்டது. கேட்டால் தருகிறார்கள். இவர்கள் கேட்கவில்லை.

2021 ஜூலை 20 அன்று நடந்ததும் இதுதான். ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று மாநிலங்களவையில் பதில் வந்தது. அதற்கு இரண்டரை மாதம் முன்பு கர்நாடகத்தின் சாமராஜநகர் அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 24 நோயாளிகள் இறந்து, உயர் நீதிமன்றம் வரை விசாரணை போயிருந்தது. அந்தக் குடும்பங்களின் முகத்தில் அறைந்த பதில் அது. சொல்லுக்குச் சொல் உண்மைதான் என்று கட்டுரையாளர் வாதாடக்கூடும். நாடாளுமன்றம் கேட்டது மாநிலங்கள் என்ன எழுதி அனுப்பின என்றல்ல, ஆக்சிஜன் இல்லாமல் நோயாளிகள் இறந்தார்களா என்று.

அரசுக் கோப்புகளில் வாழ்ந்தவர், தமக்குத் தெரியாமல் இருக்க முடியாத ஒன்றை மறைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் 1953 முதல் மக்களவையில் இயங்கும் அரசு உறுதிமொழிக் குழு துரத்தும். 'தகவல் இல்லை' என்று சொல்லிவிட்டால் கடன் எதுவும் இல்லை, கோப்பு மூடப்படும். அந்தச் சொற்றொடரைத் தேர்ந்தெடுப்பவர்கள் விவரம் தெரிந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உறுப்பினர்கள் சபைக்கு ஒழுங்காக வருவதில்லை என்கிறார். உண்மை, கண்டிக்க வேண்டியது. அதனால் அமைச்சரின் கடமை குறைந்துவிடாது. பதில் தயாரிக்க அதிகாரிகளின் நேரம் வீணாகிறது என்கிறார். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்துத்தான் கேள்வி கேட்கிறார்கள். மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குபவர்கள் மக்கள் பிரதிநிதிக்குப் பதில் எழுதுவது வீண் என்றால், பயனுள்ள வேலை எது?

அந்த 2020 கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்து. எழுத்துப் பதில் மட்டும்தான், துணைக் கேள்விக்கு வழியில்லை. துணைக் கேள்வி என்ன செய்யும் என்பதற்கு 1957 சாட்சி. தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் எல்.ஐ.சி. சுமார் 1.25 கோடி ரூபாய் போட்டதைப் பற்றி அந்த ஆண்டு மக்களவையில் கேட்டபோதும் முதலில் வந்தது மழுப்பல்தான். ஆளும் கட்சி உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தி விடவில்லை. விவாதம் வந்தது, நீதிபதி சாக்ளா விசாரித்தார், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அன்று 'பதிவேட்டில் இல்லை' என்பதை ஏற்று எல்லோரும் உட்கார்ந்திருந்தால் முந்த்ராவின் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

ஐயா, மறுபடியும் எழுதுவதாக இருந்தால் மற்றதை விடுங்கள், இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: ரயிலுக்குள் இறந்த 97 பேரை ஓர் அமைச்சகம் எண்ணியபோது, தண்டவாளத்தில் இறந்த 16 பேரை இன்னோர் அமைச்சகம் ஏன் எண்ணவில்லை?