குலசைக்கு ஒரு ரயில் இருந்துச்சு

தனுஷ்கோடி போய்ட்டு வந்து போட்டோ போடாத ஆள் நம்மள்ல யாராவது உண்டா? நானும் போட்டிருக்கேன் :). 1964 டிசம்பர் புயல், கடல் கொண்டுபோன பாசஞ்சர் வண்டி, இடிஞ்சு நிக்கிற சுவர்... மூடிப்போன ஸ்டேஷன்னாலே நமக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் வருது.

ஆனா எங்க பக்கத்துலயே ஒரு முழு ரயில் பாதை காணாமப் போயிருக்கு. நெல்லைக்காரனான எனக்கே அது இருபத்தஞ்சு வயசுக்கு மேலதான் தெரியும். வெட்கம்தான்.

குலசேகரப்பட்டினம் லைட் ரயில்வே. திருச்செந்தூர்ல ஆரம்பிச்சு குலசை, உடன்குடி வழியா திசையன்விளை வரைக்கும் போன தனியார் பாதை. நெல்லையிலிருந்து தாமிரபரணியை ஒட்டி ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி தாண்டி பெரிய வண்டி திருச்செந்தூருக்கு வந்ததே 1923ல்தான். அதுக்கு முன்னாடியே இந்தக் குட்டி வண்டி தேரிக்காட்டு ஓரமா புகை விட்டுக்கிட்டு ஓடியிருக்கு. காரணம் முருகன் இல்லீங்க, பனை! உடன்குடி சுத்துவட்டாரத்துல பதனீர் காய்ச்சி எடுத்த கருப்பட்டியைக் குலசையில இருந்த சீனி ஆலைக்குக் கொண்டு சேர்க்கத்தான் தண்டவாளம். கூடவே ஆட்களும் போயிருக்காங்க. 1940ல மூடிட்டாங்க.

போன தசராவுக்குக் குலசை போனப்ப டீக்கடையில விசாரிச்சேன். "இங்க எங்க தம்பி ரயிலு? திருச்செந்தூருக்குப் போங்க"ன்னு பதில். அவரைக் குத்தம் சொல்லி என்ன? திருச்செந்தூர் ஸ்டேஷன்லயும் தேடிப் பார்த்தேன், இதைப் பத்தி ஒரு போர்டுகூட என் கண்ணுல படலை.

உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது, சந்தோஷம். அதைச் சுமந்த ரயிலுக்கு ஒரு கல்லாவது நட வேண்டாமா? 2024 பிப்ரவரியில குலசையில ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாச்சு. ரெண்டாயிரம் ஏக்கருக்கு மேல நிலம். நான் ராக்கெட்டுக்கு எதிரி இல்லை. ஆனா ஊரோட முகமே மாறப்போகுது. பழைய பாதை எந்தப் பக்கம் போச்சுன்னு இப்பவே குறிச்சு வைக்கலைன்னா அப்புறம் யார் குறிக்கிறது?

தனுஷ்கோடிக்குப் படம் எடுக்க ஒரு சுவராவது மிச்சம் இருக்கு. இதுக்கு மிச்சம் மனுஷங்கதான். 1940ல பத்து வயசுப் பையனா அந்த வண்டியைப் பார்த்தவங்களுக்கு இப்போ தொண்ணூறு தாண்டியிருக்கும். திசையன்விளை, உடன்குடி, பரமன்குறிச்சி பக்கம் சொந்தம் இருக்கிற மக்களே, அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப தாத்தா, ஆச்சிகிட்ட கேளுங்க. டிக்கெட் எவ்வளவு, எங்கெங்க நின்னுச்சு, எப்படிக் கூவுச்சுன்னு. கேட்டதை அப்படியே எழுதிருங்க. தீபாவளிக்குப் போறப்ப கேட்டுக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்க.